மூன்றாவது சோலோ, மூன்று துள்ளல், ஒரு ப்ரொபெல்லர்

இருபத்திரண்டு_மணி (இழையைத் தொடங்கியவர்) · செவ்வாய், இரவு 8:40

வணக்கம். பல மாதமாக இங்கே படிப்பதோடு சரி, எழுதியதில்லை. இன்று எழுத வேண்டியதாகிவிட்டது.

வடக்கே ஒரு விமானப் பயிற்சிப் பள்ளியில் இருக்கிறேன். விமானம் செஸ்னா 172எஸ். மொத்தம் 22 மணி நேரம் பறந்திருக்கிறேன். போன வெள்ளிக்கிழமை மூன்றாவது சோலோ, அதாவது பயிற்றுநர் இல்லாமல் தனியாக. காலை பத்தரை மணி, வெயில் ஏறிவிட்டது, காற்று ஏறக்குறைய நேர் எதிரே 6 நாட் (ஒரு நாட் மணிக்கு ஏறக்குறைய 1.85 கி.மீ.). மோசமான நாள் என்று சொல்லவே முடியாது.

முதல் இரண்டு சர்க்யூட் (புறப்பட்டு, சுற்றிவந்து, மறுபடி இறங்குவது) சுமாராகப் போயின. மூன்றாவதில் ஷார்ட் ஃபைனலில், அதாவது இறங்குவதற்கு முந்தைய கடைசிக் கட்டத்தில், ஃப்ளாப் (மெதுவாகப் பறக்க உதவும் இறக்கைத் தகடு) முழுதாக இறக்கியிருந்தேன், ஆனாலும் வேகம் 75 நாட். குறைக்க வேண்டும் என்று தெரியும். ஆனால் ஸ்டால் பயம், வேகம் குறைந்து இறக்கை தூக்குவதை விட்டுவிடுமோ என்று. கொஞ்சம் கூட இருந்தால் நல்லதுதானே என்று விட்டுவிட்டேன். ஃப்ளேர் செய்தால் (தரைக்குச் சற்று மேலே மூக்கைத் தூக்கினால்) விமானம் இறங்காமல் மிதந்துகொண்டே போகிறது. பொறுமை போய் கண்ட்ரோலை இன்னும் கொஞ்சம் இழுத்தேன், மேலே ஏறிவிட்டது. ரன்வே பாதி தீர்ந்துவிட்டது. கை தானாக முன்னே தள்ளியது. முன்சக்கரம் முதலில் தட்டித் துள்ளியது. மறுபடி தள்ளினேன், இன்னும் உயரமாகத் துள்ளியது. மூன்றாவது முறை கீழே வந்தபோது தகரக் கூரைமேல் தேங்காய் விழுந்த மாதிரி ஒரு சத்தம்.

இறங்கிப் பார்த்தால் ப்ரொபெல்லரின் இரண்டு முனைகளும் பின்பக்கமாக மடங்கியிருந்தன. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை.

சோலோவை நிறுத்திவிட்டார்கள். அப்பாவிடம் 'ஒரு சின்னப் பிரச்சினை' என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். கேட்க நினைப்பது இதுதான். எங்கே தவறினேன்? இது விபத்து என்று பதிவாகுமா? எனக்கு இந்தத் தொழில் வராதா?

நெறியாளர் · 8:52

பதிவில் இருந்த பள்ளியின் பெயரை எடுத்துவிட்டேன். மற்றவர்களும் ஊகித்து எழுத வேண்டாம்.

கணக்குப்புலி · 9:05

61இல் வரவேண்டிய இடத்தில் 75. ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 75 × 75 = 5,625. 61 × 61 = 3,721. வகுத்தால் 1.51. ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஆற்றலோடு வந்திருக்கிறீர்கள். அந்தக் கூடுதல் அரை மடங்கு கரைகிற வரைக்கும் விமானம் உட்காராது. மிதந்தது மிதந்தது என்கிறீர்களே, அது இதுதான். இதில் மர்மம் ஒன்றும் இல்லை.

சிமுலேட்டர்_ராஜா · 9:11

எக்ஸ்-பிளேன் சிமுலேட்டரில் 80 நாட்டில் வந்துகூட நான் வெண்ணெய் மாதிரி இறக்குவேன்.

ஹேங்கர்_பூனை · 9:12

அங்கே ப்ரொபெல்லர் இலவசம்.

வலதுஇருக்கை · 9:58

நான் பயிற்றுநர், 11 வருடமாக வலப்பக்க இருக்கையில் உட்கார்ந்திருக்கிறேன். இப்போதுதான் இரவுப் பறத்தல் முடித்து வந்தேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கணக்குப்புலி சார் சொன்னது சரி, ஆனால் பாதிக் கதைதான். கையேட்டில் இருக்கிற வேகங்கள் முழு எடைக்கு. 172எஸ்ஸின் அதிகபட்ச எடை 1,157 கிலோ. தம்பி தனியாக, பாதி எரிபொருளோடு பறந்தபோது 900 கிலோ அளவில்தான் இருந்திருக்கும். ஸ்டால் வேகம் எடையின் வர்க்கமூலத்தில் இறங்கும். 900ஐ 1,157ஆல் வகுத்து மூலம் எடுத்தால் 0.88 வரும். முழு எடையில் 61 என்று கையேடு சொல்கிற இடத்தில் அன்றைக்கு அந்த விமானத்துக்கு 54 போதும். அப்படியென்றால் 75 என்பது 14 நாட் அதிகம் இல்லை, 20 நாட்டுக்கு மேல் அதிகம்.

இதைச் சொன்னதும் எந்த மாணவரும் நாளைக்கே 54இல் பறக்கப் போகாதீர்கள். உங்கள் பள்ளி சொல்கிற எண்ணில் பறங்கள். நான் சொல்ல வருவது வேறு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த 75 கிலோ ஆள் இறங்கிப்போனதும் அது வேறு விமானம். சீக்கிரம் எழும்பும், வேகமாக ஏறும், இறங்கும்போது அடம்பிடிக்கும். முதல் சோலோவுக்கு முன்னால் இதை எல்லாரும் ஒரு வரி சொல்லி அனுப்புவோம். பதற்றத்தில் அந்த வரி யார் காதிலும் விழுவதில்லை.

இன்னொன்று. தம்பி, 75 என்ற எண் உனக்குச் சும்மா வரவில்லை. 172எஸ் கையேட்டில் ஃப்ளாப் மேலே இருந்தால் 65–75, இறக்கிவிட்டால் 60–70. ஃப்ளாப் இல்லாத அப்ரோச்சின் மேல் எல்லையை ஃப்ளாப் இறக்கிய அப்ரோச்சுக்குக் கொண்டுவந்துவிட்டாய். பயம் வந்தால் மனசு எப்போதும் பெரிய எண்ணைத்தான் எடுத்துக்கொள்ளும்.

ஆனால் ப்ரொபெல்லரை மடக்கியது அந்த 75 இல்லை. 75இல் வந்து, மிதந்து, கையை அசைக்காமல் காத்திருந்தால் ரன்வேயின் கடைசியில் போய் மெதுவாக உட்கார்ந்திருக்கும். இல்லை, மேலே ஏறியதும் முழு பவர் கொடுத்திருந்தால் இன்னொரு சர்க்யூட், அவ்வளவுதான். மடக்கியது தள்ளல். விமானம் துள்ளி மேலே போகிறது, நீ பார்க்கிறாய், முடிவெடுக்கிறாய், கை நகர்கிறது. இதற்குள் அரை நொடியாவது போய்விடும். நீ தள்ளுகிற நேரத்தில் விமானமே கீழே வரத் தொடங்கியிருக்கும். நீ அதைக் குழியில் பிடித்துத் தள்ளுகிறாய். அடுத்த துள்ளல் இன்னும் பெரிது, உன் பயமும் பெரிது, தள்ளலும் பெரிது. போர்ப்பஸிங் என்பார்கள், கடல்பன்றி தாவுகிற மாதிரி. ஊஞ்சலைத் தப்பான நேரத்தில் பிடித்து நிறுத்தப் பார்த்தால் என்ன ஆகும், அதுதான்.

சின்னத் துள்ளல் என்றால் மூக்கை அதே நிலையில் வைத்து, கொஞ்சம் பவர் கொடுத்து, மறுபடி உட்காரவிடலாம். பெரிய துள்ளல் என்றால் கோ-அரௌண்ட் (இறங்குவதை விட்டு முழு பவரோடு மறுபடி ஏறுவது), யோசிக்கவே கூடாது. எது சின்னது எது பெரியது என்று சந்தேகம் வந்தால் அது பெரியது.

ஹேங்கர்_பூனை · 10:20

மேடம் சொன்னதற்கு ப்ரொபெல்லரே சாட்சி. முனைகள் பின்பக்கம் மடங்கியிருந்தால் பெரும்பாலும் எஞ்சின் ஐடிலில், பவர் கொடுக்காமல், ஓடியிருக்கிறது என்று அர்த்தம். பவரோடு தரையைத் தொட்ட ப்ரொபெல்லர் முன்பக்கம் சுருளும். தம்பி மூன்று துள்ளலிலும் த்ராட்டிலை (பவர் கொடுக்கிற பிடியை) அசைக்கவே இல்லை. சரிதானே?

இருபத்திரண்டு_மணி · 10:26

சரிதான் அண்ணா. வலது கை த்ராட்டில்மேல்தான் இருந்தது. ஆனால் அப்படி ஒன்று இருப்பதே ஞாபகம் வரவில்லை.

ஹேங்கர்_பூனை · 10:49

வெட்கப்பட ஒன்றும் இல்லை. இப்போது என் பக்கத்துக் கதை. 'ப்ரொபெல்லர்தானே, மாற்றிப் போட்டால் போச்சு' என்று ஹாஸ்டலில் யாராவது சொல்லியிருப்பார்கள். அது நடக்காது.

சுற்றிக்கொண்டிருந்த ப்ரொபெல்லர் தரையில் பட்டால் அந்த அதிர்ச்சி நேராகக் கிராங்க்ஷாஃப்ட்டுக்கு (எஞ்சினின் முக்கியச் சுழல்தண்டுக்கு) போகும். இந்த விமானத்தில் இருப்பது லைக்கமிங் எஞ்சின். அவர்களுடைய சர்வீஸ் புல்லட்டின் (பராமரிப்பு அறிவிப்பு) 533 இதற்காகவே இருக்கிறது. சும்மா தேய்த்துச் சரிசெய்ய முடியாத எந்தச் சேதமும் ப்ரொபெல்லர் ஸ்ட்ரைக்தான், எஞ்சின் ஓடியதா இல்லையா என்பதுகூடக் கணக்கில்லை. கிராங்க்ஷாஃப்ட்டின் பின்முனையில் இருக்கிற கியரையும், அதைப் பிடித்திருக்கிற போல்ட்டையும் டவல் ஊசியையும் திறந்து பார்த்தாக வேண்டும் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ 2004இல் உத்தரவே போட்டது. அந்தக் கியர் நழுவினால் காற்றில் எஞ்சின் நின்றுபோகும். அடுத்து அதில் ஏறப்போகிற பிள்ளைக்காகத்தான் இவ்வளவு செலவும்.

அப்புறம் ஃபயர்வால். 172இல் முன்சக்கரம் எஞ்சினுக்குப் பின்னால் இருக்கிற தகட்டுச் சுவரின் கீழ்ப்பகுதியில் மாட்டியிருக்கிறது. அதில் எண்ணெயும் காற்றும் அடைத்த ஓலியோ என்ற ஷாக் அப்சார்பர் இருந்தாலும், சாதாரணமாகத் தரையில் ஓடுவதற்குத்தான் அது. விமானத்தின் முழு எடையும் முதலில் அங்கே வந்து விழுந்தால் சுவர் சுருங்கும். பின்சக்கரங்கள் அப்படி இல்லை. இரும்புக்குழாய் வில், அதில் ஷாக் அப்சார்பரே கிடையாது. எவ்வளவு அடித்தாலும் தாங்கும், ஆனால் வாங்கியதை அப்படியே திருப்பிக் கொடுக்கும். செஸ்னா துள்ளுவதற்கு அதுவும் ஒரு காரணம். பைப்பர் விமானத்தில் மூன்று கால்களிலும் ஓலியோ உண்டு, துள்ளல் வேறு மாதிரி இருக்கும்.

தம்பி, கௌலிங்கை (எஞ்சின் மூடியை) கழற்றிப் பார்க்கும்போது முடிந்தால் போய்ப் பக்கத்தில் நில். ஃபயர்வாலில் சுருக்கம் இருக்கிறதா என்று கேள். உன் இரண்டாவது கேள்விக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது.

கணக்குப்புலி · 11:02

எப்படி?

ஹேங்கர்_பூனை · 11:15

விபத்து எது என்பதற்குச் சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பான ஐசிஏஓவின் 13ஆம் இணைப்பில் வரையறை இருக்கிறது. ஆளுக்குப் பலத்த காயம், உயிரிழப்பு, அல்லது விமானத்தின் கட்டமைப்பு வலிமையைப் பாதித்துப் பெரிய பழுதுபார்ப்பு தேவைப்படுகிற சேதம். சேதம் ப்ரொபெல்லர், இறக்கை முனை, ஆன்டெனா, டயர், பிரேக் இவற்றோடு நின்றுவிட்டால் அது விபத்துக் கணக்கில் வராது, 'சம்பவம்' ஆகும். ஃபயர்வால் சுருங்கியிருந்தால் கட்டமைப்பு. அப்போது சொல்லே மாறலாம். முடிவு செய்வது அதிகாரிகள், நானோ நீயோ இல்லை. எந்தப் பெயர் வந்தாலும் மறைக்கிற வேலை மட்டும் வேண்டாம்.

எச்டி2_காலத்து_ஆள் · புதன், காலை 5:30

விடியற்காலையில் எழுகிற பழக்கம் போகவில்லை. முழு இழையையும் படித்தேன்.

வலதுஇருக்கை அம்மா சொன்னதில் ஒன்றை மட்டும் நான் அப்படியே ஒப்புக்கொள்ள மாட்டேன். 'கோ-அரௌண்ட், யோசிக்கவே கூடாது' என்கிறார். யோசிக்காமல் செய்கிற கோ-அரௌண்ட் எப்படி இருக்கும் தெரியுமா? ஃப்ளாப் முழுதாக வெளியே. ட்ரிம் (மூக்கை ஒரே நிலையில் பிடித்துவைக்கிற அமைப்பு) மூக்கை மேலே தூக்குகிற நிலையில். வேகம் 50. அந்த நிலையில் மாணவன் த்ராட்டிலைக் குத்தினால் மூக்கு வானத்தைப் பார்க்கும், இடப்பக்கம் இழுக்கும். வலது ரடர் (வாலில் இருக்கிற சுக்கான்) கொடுக்காமல், ஸ்டிக்கை முன்னே அழுத்தாமல் இருந்தால் 50 அடியில் ஸ்டால். கெட்ட லேண்டிங் தகரத்தை வளைக்கும். கெட்ட கோ-அரௌண்ட் ஆளையே கொன்றுவிடும். அமெரிக்கச் சிறு விமானங்களின் விபத்து அறிக்கைகளை வருடா வருடம் புரட்டுகிறவன் நான். எண்ணிக்கையில் லேண்டிங்தான் முதல் இடம், ஆனால் அதில் உயிர் போவது அரிது.

நாங்கள் பழகியது எச்டி-2 என்ற பயிற்சி விமானம். வாலில் சக்கரம். 1951இல் பெங்களூரில் முதலில் பறந்த விமானம், எங்கள் கைக்கு வரும்போதே அதற்கு வயசாகிவிட்டது. அதில் துள்ளினால் அது ஒரு பாட்டு, நேராக ஓட்டாவிட்டால் தட்டாமாலை சுற்றிவிடும், அது இன்னொரு பாட்டு. எங்கள் பயிற்றுநர் முதல் வாரமே வேண்டுமென்றே துள்ளவைத்து, கையை மடியில் வைத்துக்கொண்டு 'ம், காப்பாற்று' என்பார். இன்றைக்கு அப்படிச் செய்தால் பில் யார் கொடுப்பது என்று கேட்பார்கள்.

வலதுஇருக்கை · காலை 7:20

சார், உங்கள் கண்டனம் சரி. 'யோசிக்கக் கூடாது' என்று நான் எழுதியது முடிவை மட்டும்தான். செய்முறை கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். 172எஸ்ஸில் த்ராட்டில் முழுதும், ஃப்ளாப் உடனே 20 டிகிரி, வேகம் 60, தடைகள் தாண்டும்வரை ஃப்ளாப் 10, அப்புறம் மேலே. என் மாணவர்களை 3,000 அடியில் கற்பனை ரன்வே ஒன்றுக்கு இறக்கச் சொல்லி, அங்கே ட்ரிம் முரண்டு பிடிப்பதைக் கையால் உணரவைத்த பிறகுதான் கீழே கொண்டுவருவேன்.

நீங்கள் சொன்ன இரண்டாவது விஷயம்தான் எனக்கு உறுத்துகிறது. இந்தப் பையன் 22 மணி நேரத்தில் ஒரு பெரிய துள்ளலையாவது பார்த்திருப்பானா? பார்த்திருக்க மாட்டான். ஏனென்றால் துள்ளப்போகிறது என்று தெரிந்த உடனே நாங்கள் கையை நீட்டி எடுத்துக்கொள்கிறோம். 'ஐ ஹேவ் கண்ட்ரோல்', முடிந்தது. மாணவன் கண்ணில் படுவதெல்லாம் நாங்கள் திருத்திக் கொடுத்த லேண்டிங். அவன் வாழ்க்கையின் முதல் துள்ளல் அவன் தனியாக இருக்கும்போது வருகிறது. அதில் பழி முழுதும் அவன் தலையில் விழுகிறது. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இன்னொரு சந்தேகம். தம்பி, ஃப்ளேரில் எங்கே பார்த்துக்கொண்டிருந்தாய்?

இருபத்திரண்டு_மணி · 7:41

மூக்குக்கு நேர் கீழே, வெள்ளைக் கோட்டை.

வலதுஇருக்கை · 7:44

அதுதான். பக்கத்திலேயே பார்த்தால் தரை மங்கலாக ஓடும், உயரம் பிடிபடாது, கை வெடுக்கென்று இழுக்கும். கண்ணை ரன்வேயின் தூரக் கோடிக்குக் கொண்டுபோ. அந்தக் கோடி உன் கண்ணில் மெல்ல விரிவதில் உயரம் தெரியும். சைக்கிள் ஓட்டுகிறவன் முன்சக்கரத்தைப் பார்த்து ஓட்டுவதில்லை.

திருப்பூர்_அப்பா · 9:30

என் பெண்ணும் பயிற்சியில் இருக்கிறாள், 15 மணி நேரம் ஆகியிருக்கிறது. வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துத்தான் அனுப்பினேன். கமர்ஷியல் லைசென்ஸுக்கு 200 மணி நேரம், அதில் 100 தானே கேப்டனாக ஓட்டியது என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். ஒவ்வொரு மணியும் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். அதனால் தெரியாமலே போனில் தினமும் ஒரு தப்பு செய்திருக்கிறேன். 'சோலோ விட்டுட்டாங்களா? உன் பேட்ச்ல எத்தனை பேர் முடிச்சாங்க?' என்றுதான் முதல் கேள்வி. நேற்றிரவு இதைப் படித்த பிறகு அந்தக் கேள்வி அவள் கையில் எங்கே போய் உட்கார்ந்திருக்கும் என்று தோன்றியது. சுற்றிவந்தால் இன்னும் பத்து நிமிடக் காசு. அதை நினைத்து ஒரு பிள்ளை இறக்கப் பார்த்தால்?

தம்பி, அப்பாவிடம் முழுதாகச் சொல்லிவிடுங்கள். பில்லைப் பார்த்துத் தெரிந்துகொள்கிற அப்பாவுக்குத்தான் கோபம் அதிகம் வரும்.

ஃப்ளோரிடா_ஈரம் · இரவு 11:10 (உங்கள் ஊரில் எத்தனை மணியோ)

நான் இங்கே தனியார் பைலட் பயிற்சியில் இருக்கிறேன். 14 மணி நேரத்தில் என் துள்ளல். கோ-அரௌண்ட் செய்தேன், பெருமையாக. ஆனால் பதற்றத்தில் ஃப்ளாப் கைப்பிடியை ஒரே தட்டில் மேலே ஏற்றிவிட்டேன். பவர் முழுதாக இருந்தும் விமானம் தொப்பென்று அமுங்கியது, சக்கரம் மறுபடி தரையைத் தொட்டு, அப்புறம்தான் ஏறியது. ஆகவே தாத்தா சொல்வது உண்மை. 20, அங்கே நிறுத்து, ஏறு, பிறகு மீதி.

இன்னொரு விஷயம். எங்கள் வகுப்பில் 2018 செப்டம்பரில் மாசசூசெட்ஸ் மாநிலத்துப் பெவர்லியில் நடந்ததைச் சொன்னார்கள். 17 வயது மாணவி, பைப்பரில் தனியாகப் புறப்பட்டபோது வலப்பக்கப் பிரதான சக்கரமே கழன்று விழுந்துவிட்டது. அவர் உடனே இறக்க ஓடவில்லை. வானத்தில் சுற்றினார், வானொலியில் ஒரு பயிற்றுநர் துணைக்கு வந்தார், தீயணைப்பு வண்டிகள் வந்து நின்றன, அதற்குப் பிறகு இறக்கினார். விமானம் சறுக்கி நின்றது, அவருக்கு அடி இல்லை. சக்கரமே இல்லாதவருக்கு அவ்வளவு நேரம் இருந்தது. நம்மிடம் மூன்று சக்கரமும் இருக்கும்போது ஏன் இந்த அவசரம் என்று எனக்குத் தோன்றியது.

இந்த ஊரில் நாசா நடத்துகிற ரகசியப் புகார் முறை ஒன்று 1976இலிருந்து இருக்கிறது. தவறு செய்தவனே எழுதிப் போடலாம், பெயர் வெளியே வராது. நானும் என் துள்ளலை எழுதினேன். எழுதும்போதுதான் ஃப்ளாப் விஷயமே எனக்குப் புரிந்தது.

கணக்குப்புலி · வியாழன், காலை 8:00

ஒரு சேர்க்கை. அன்றைக்குப் பத்தரை மணி வெயில் என்றார். கடல்மட்டத்தில் 35 டிகிரி என்றால் வழக்கமான 15ஐவிட 20 அதிகம். டிகிரிக்கு 120 அடி வீதம் காற்று 2,400 அடி உயரத்தில் இருக்கிற மாதிரி மெலிந்திருக்கும். மீட்டர் அதே 75ஐக் காட்டினாலும் தரையில் ஓடுகிற வேகம் கூடும். ரன்வே சீக்கிரம் தீர்ந்த மாதிரி இருந்ததற்கு இதற்கும் ஒரு பங்கு.

வெறும் கணக்கோடு நிறுத்திக்கொண்டதற்கு முன்பு வாங்கிக் கட்டிக்கொண்டேன். இப்போதும் கணக்குதான் சொல்கிறேன், மன்னிக்கவும்.

இருபத்திரண்டு_மணி · அடுத்த வாரம் ஞாயிறு, மாலை 6:15

பதில் எழுதிய எல்லாருக்கும் நன்றி.

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு 'உனக்கு அடி இல்லையே' என்று மூன்று முறை கேட்டார். மூன்றாவது முறைதான் எவ்வளவு ஆகும் என்று கேட்டார்.

பூனை அண்ணா சொன்ன மாதிரி ஹேங்கரில் போய் நின்றேன். ஃபயர்வாலின் கீழ் இடப்பக்கம் விரல் நீளத்துக்கு ஒரு சுருக்கம். கையால் தடவினால்தான் தெரிகிறது. முறைப்படி மேலே தெரிவித்துவிட்டார்கள், நானும் நடந்ததை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். 75 என்பதையும் எழுதினேன்.

இன்று காலை வேறொரு பயிற்றுநரோடு செக் ஃப்ளைட் (சோதனைப் பறத்தல்). வலதுஇருக்கை மேடம் எழுதியதை அச்செடுத்துக் கொண்டுபோய்க் காட்டி, துள்ளலைக் காட்டுங்கள் சார் என்று கேட்டேன். சிரித்துவிட்டு முதலில் மேலே கூட்டிப்போனார், கற்பனை ரன்வேயில் ஐந்து முறை. ட்ரிம் அவ்வளவு முரண்டு பிடிக்கும் என்று நான் நினைக்கவே இல்லை, இடது கை நடுங்கியது. பிறகு கீழே எட்டு சர்க்யூட். அதில் நான்கு கோ-அரௌண்ட். ஒன்று அவர் சொல்லி, மூன்று நானாக. 'கடைசி ஒன்று தேவையே இல்லை, நல்லாத்தான் வந்துகொண்டிருந்தது' என்றார். இருக்கலாம் சார் என்றேன்.

சோலோ இன்னும் தரவில்லை.

திருப்பூர்_அப்பா · 6:31

அந்தத் தேவையில்லாத ஒன்றுக்கும் பில் வருமா?

இருபத்திரண்டு_மணி · 6:33

வரும் சார். பத்து நிமிடம்.

ஹேங்கர்_பூனை · 6:40

கிராங்க்ஷாஃப்ட் ரிப்போர்ட் வந்ததா?

இருபத்திரண்டு_மணி · 6:42

எஞ்சினை நேற்றுதான் இறக்கினார்கள் அண்ணா. வந்ததும் போடுகிறேன்.